இரண்டு அங்குலம் தூக்கியும் விடாத உரசல்

பிக்கப்பை இரண்டு அங்குலம் உயர்த்திப் பெரிய டயர் போடலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டு ஆண்டுகளாக அப்படித்தான் ஓட்டுகிறேன். அவருக்குச் சொல்ல வேண்டியதில் முக்கால்வாசி உரசலைப் பற்றியதுதான்.

பழைய டயர் 265/70 ஆர்17, புதியது 285/70 ஆர்17; முதல் எண் மில்லிமீட்டரில் டயரின் அகலம். விட்டத்தில் 28 மில்லிமீட்டர் கூடுதல். அச்சிலிருந்து அளந்தால் வெறும் 14. இரண்டு அங்குல லிஃப்டுக்கு இதெல்லாம் ஒன்றுமே இல்லை என்றார் மாட்டிக்கொடுத்தவர். அன்று மாலையே ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து ரிவர்ஸ் எடுத்தபோது, முன் சக்கரத்தின் பின்புறத்திலிருந்து பல் கூசும்படி ஒரு சத்தம்.

லிஃப்ட் உயர்த்துவது நிற்கிற வண்டியைத்தான். ஒடித்த சக்கரமோ முன்னும் பின்னுமாக வீசுகிறது; அங்கே உயரம் பெரிதாக உதவாது. என் வண்டியில் உண்மையான குற்றவாளி ரிம். பழையதன் ஆஃப்செட், அதாவது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து போல்ட் பொருந்தும் முகம் வெளிப்பக்கம் தள்ளியிருக்கும் மில்லிமீட்டர் அளவு, பிளஸ் 30. அகலமாக நின்றால் அழகு என்று என் தலையில் கட்டிய ரிம்முக்கு ஆஃப்செட் பூஜ்யம். டயர் ஒவ்வொரு பக்கமும் 30 மில்லிமீட்டர் வெளியே போனதால், ஒடிக்கும்போது அது போடும் வட்டமும் பெரிதாகி, உள்புற பிளாஸ்டிக்கையும் கேபினைச் சட்டத்தோடு பிணைக்கும் கேபின் மவுண்டின் விளிம்பையும் தேய்த்தது. இதை விற்பதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். இன்றும் எனக்கு ஆறாத கோபம் அது.

மட்ஃபிளாப்பைக் கழற்றினேன். ஹீட் கன்னால் பிளாஸ்டிக்கை இளக்கிப் பின்னால் தள்ளினேன். அலைன்மென்டில் கேஸ்டரை, அதாவது முன் சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வை, கூட்டிச் சக்கரத்தைச் சற்று முன்னுக்கு நகர்த்தினார்கள். அதில் நல்ல பலன் இருந்தது. மவுண்டை வெட்டி வெல்டிங் வைக்கலாம் என்றபோது மட்டும் மறுத்துவிட்டேன். கேபினைத் தாங்குகிற இடத்தில் கத்தி வைக்க மனம் வரவில்லை. கடைசியில் பழைய ரிம்மிலேயே புதிய டயரை ஏற்றினேன். அகலம் கூடியதால் டயர் உள்பக்கம் 10 மில்லிமீட்டர் நெருங்குகிறது. சஸ்பென்ஷனின் மேல் ஆர்முக்கும் டயருக்கும் நடுவே விரல் நுழைகிறது, போதும். முக்கால்வாசி உரசல் அன்றே நின்றது.

ஸ்டெப்னி அதன் இடத்தில் அடங்குவதில்லை. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது முன்பைவிட மூன்றரை கிலோமீட்டர் கூடுதலாகப் போகிறோம். இவை பழகிவிட்டன. மழை ஊறிய மண் பாதையில், முன்பு அடிவயிறு தட்டிய தடங்களில் இப்போது வண்டி அலுங்காமல் ஏறிப் போகிறது. ஒவ்வொரு முறையும் மனம் நிறைகிறது. தேய்ந்தால் இதே அளவில்தான் வாங்குவேன்.

ஆனாலும் நண்பருக்கு என் பதில்: வேண்டாம். இன்று காலை சரிவில் இடது பக்கம் முழுக்க ஒடித்துப் பின்னால் எடுத்தேன். மறுபடியும் அதே சத்தம்.