வோஷிங் மெஷின் உருளையில் குளிர் காய்கிறோம்: டிக்கோயாப் பாதையில் ஒரு கடை

சென்ற ஒக்டோபர் மாதத்து மாலை இடிமழை ஒன்றில், எட்டு வருடம் உழைத்த எங்கள் வீட்டு வோஷிங் மெஷினின் போர்ட் (மின்சுற்றுப் பலகை) கருகிப்போனது. மோட்டர், உருளை, வெளிக்கூடு எல்லாம் நல்ல நிலையில் இருக்க, உள்ளங்கை அகலப் பலகை ஒன்றை மாற்றுவதற்கு 48,000 ரூபாய் கேட்டார்கள். அதையும் கொழும்பிலிருந்து வரவழைக்க வேண்டும், வரும் நாளைச் சொல்ல முடியாது என்றார்கள். 2022இல் ரூபாய் சரிந்த பிறகு புதிய மெஷின் ஒன்றின் விலையை விசாரிப்பதற்கே மனம் ஒப்புவதில்லை. பழைய இரும்புக்காரர் முழு மெஷினுக்கும் 2,000 ரூபாய் தருவதாகச் சொன்னபோதுதான், பக்கத்து லயத்து அண்ணன் ஒருவர், ஹட்டனிலிருந்து டிக்கோயாவுக்குப் போகும் பாதையில் இருக்கும் இந்தக் கடையைப் பற்றிச் சொன்னார்.

கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை. வாசலில் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கும் ஃபேன் இறக்கைகள்தான் அடையாளம். உள்ளே ஒருவர் நடமாடும் அளவுக்கே இடம் இருக்கிறது. மற்ற இடமெல்லாம் ரைஸ் குக்கர்களும் பிரிட்ஜ்களும் நிரம்பிக் கிடக்கின்றன. கடைக்காரர் முதலில் திருத்தப் பார்க்கிறார், திருத்த முடியாததைப் பிரித்து வேறொன்றாக்குகிறார், இரண்டுக்கும் வழியில்லாததை வாங்க மறுக்கிறார். எங்கள் மெஷினை அரை மணி நேரம் சோதித்துவிட்டு, "போர்ட்டுக்கு நான் பொறுப்பெடுக்க மாட்டேன் டீச்சர், வேணும்னா நல்ல கணப்பு ஒண்ணு செஞ்சி தாறேன்" என்றார். மெஷினை அவரிடமே விட்டு, மேலதிகமாக 6,500 ரூபாய் கொடுப்பது என்று பேசி முடித்தோம்.

அவர் அந்த உருளையைப் பிரிக்கும்போது நான் கூடவே நின்று பார்த்தேன். மேலிருந்து துணி போடும் மெஷின்களில் உருளையின் வாய்ப்பகுதியைச் சுற்றித் தடித்த பிளாஸ்டிக் வளையம் ஒன்று இருக்கும். அதை வாளால் அறுத்ததும் உள்ளிருந்து கலங்கல் தண்ணீர் கொட்டியது. அது உப்புநீர் என்றும், துணிகள் ஒரு பக்கமாகக் குவிந்து உருளை ஆட்டம் போடும்போது இந்த நீர் எதிர்ப்பக்கம் ஓடிச் சமன் செய்வதற்காகவே அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றும் சொன்னார். எட்டு வருடமாக நான் துணி போட்டு எடுத்த மெஷினுக்குள், நான் ஊற்றாத தண்ணீர் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது அன்றுதான் தெரிந்தது. உருளையின் அடிப்பாகமும் பிளாஸ்டிக்தான். இவற்றைக் கழற்றாமல் நெருப்பு மூட்டினால் என்ன புகை வரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அப்படியே மூட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

எஞ்சியது எவர்சில்வர் உருளை மட்டுமே. சில மலிவான கூடுகள் நாகம் (துத்தநாகம்) பூசிய தகரத்தால் ஆனவை என்பதாலும், நாகம் கடும் சூட்டில் ஆவியாகிக் காய்ச்சலை உண்டாக்கும் என்பதாலும், அதைச் சரிபார்த்தாரா என்று கேட்டேன். என் கையில் இருந்த சிறு காந்தத்தை வைத்துப் பார்த்தபோது அது உருளையில் ஒட்டிக்கொண்டது, எனக்குத் திக்கென்றது. காந்தம் ஒட்டினால் எவர்சில்வர் இல்லை என்பது பொதுவான நம்பிக்கை. ஆனால் 430 என்ற எண்ணால் குறிக்கப்படும், நிக்கல் சேராத வகை எவர்சில்வர் காந்தத்தில் ஒட்டும் என்றும், மெஷின் உருளைகளில் அதுவே அதிகம் வருகிறது என்றும் விளக்கி, நாகப் பூச்சு என்றால் தெரியும் சாம்பல் நிறப் பூத்தடம் எங்கும் இல்லை என்பதைச் சுரண்டியும் காட்டினார். பிறகு அடியில் துளையிட்ட மூன்று மில்லிமீற்றர் இரும்புத் தகட்டை வைத்து ஒட்டி, மூன்று கால்களும், சாம்பல் விழ ஒரு தட்டும், தூக்குவதற்கு இரண்டு கைப்பிடிகளும் பொருத்தினார்.

கணப்பு எப்படி எரிகிறது என்றால், நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக எரிகிறது. உருளையின் சுவர் முழுவதும் துளை என்பதால் காற்று நாலா பக்கமும் இழுத்துக்கொண்டு, ஈரம் முழுதாகக் காயாத சவுக்கு விறகுகூடச் சீக்கிரம் பற்றிக்கொள்கிறது. தேயிலைக் கவ்வாத்து முடிந்து மலையில் கிடக்கும் காய்ந்த மிலாறுக் குச்சிகளை இரண்டு கை போட்டால் போதும், ஊதுகுழலுக்கு வேலையில்லை. அதே காரணத்தால் விறகும் விரைவாகத் தீர்கிறது என்பதை மறைக்கக்கூடாது. ஒரு மாலைக்கு எங்கள் பழைய மண்சட்டி கேட்டதைப் போல ஒன்றரை மடங்கு விறகை இது கேட்கிறது. முதல் வாரத்திலேயே வெள்ளி நிறம் போய், பொன்னும் நீலமுமாக வட்ட வட்டமாய் நிறம் ஏறியது. ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கும் ஹட்டனின் ஜனவரி மாத விடியலில், துளைகள் வழியே வாசல் சுவரில் விழும் வெளிச்சப் பொட்டுகளைப் பார்த்துக்கொண்டு தேநீர் குடிப்பது தனிச் சுகம்.

பணம் வாங்குவதற்கு முன் அவர் சொன்ன ஒரே நிபந்தனையை அவர் பேச்சிலேயே தருகிறேன்: "வாசல்ல வச்சி எரிங்க. கரி தணலா இருந்தாலும் வீட்டுக்குள்ள மட்டும் கொண்டு போயிறாதீங்க டீச்சர்." பத்து அடிக்குப் பன்னிரண்டு அடி லயத்து அறையில், குளிருக்குக் கதவையும் சன்னலையும் அடைத்துவிட்டுத் தணலை வைத்துத் தூங்கினால், புகையே இல்லாவிட்டாலும் கார்பன் மொனொக்சைட்டு வாயு சேர்ந்து உயிரை எடுத்துவிடும், அதற்கு நிறமோ மணமோ இல்லை.

பிரிட்ஜ் விடயத்திலும் அவருடைய கவனம் தெரிகிறது. பழைய இரும்புக்காரர்களைப் போலக் குழாயை வெட்டி, உள்ளே இருக்கும் குளிரூட்டும் வாயுவைக் காற்றில் விட்டுவிடாமல், வாயுவை இறக்கத் தெரிந்த ஒருவரை மாதம் ஒருமுறை வரவழைக்கிறார். ஆர் 134ஏ என்ற வாயு ஓசோனைக் கெடுக்காவிட்டாலும், நூறு ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 1,430 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கக்கூடியது. இப்போது வரும் பிரிட்ஜ்களில் உள்ள ஆர் 600ஏ வாயு தீப்பற்றக்கூடியது என்பதால் வெல்டிங் நடக்கும் கடையில் அதை அலட்சியமாகத் திறக்கவே கூடாது. காலியான பிரிட்ஜ் கூட்டை அரிசி, மா, அப்பளம் வைக்கும் அலுமாரியாக மாற்றித் தருகிறார். மூடுபனிக் காலத்தில் பிஸ்கட்கூட நமத்துப்போகும் நம் ஊருக்கு, இறுக மூடும் ரப்பர் விளிம்புள்ள பெட்டி மிகவும் பொருத்தமானது. சிறுவர் உள்ளே புகுந்து ஒளிய இடமில்லாதபடி தட்டுகளைக் கழற்ற முடியாமல் திருகி வைக்கிறார். மைக்ரோவேவ் அடுப்பை அவர் வாங்குவதில்லை. பிளக்கைக் கழற்றிய பிறகும் அதன் கப்பாசிற்றர் ஆளைக் கொல்லும் மின்னைப் பிடித்து வைத்திருக்கலாம். குழாய் வகைப் பழைய ரி.வி.யையும், அதன் கண்ணாடியில் ஈயம் இருப்பதால், தொடுவதில்லை. கழித்த போர்ட்களைச் சாக்கில் கட்டி, அனுமதிப்பத்திரம் உள்ள சேகரிப்பாளரிடம் கொடுப்பதாகச் சொன்னார். கடைக்குப் பின்னால் வயர் எரித்த தடயம் எதையும் நான் காணவில்லை.

எனக்குப் பிடிக்காதது, மெஷின் மோட்டரில் அவர் செய்யும் சாணை. கவ்வாத்துக் கத்தி தீட்டுவதற்கு நல்ல யோசனைதான். நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,400 சுற்று என்பது கத்தியின் வாயை அதிகம் சூடாக்கிக் கெடுக்காத வேகமும்கூட. ஆனால் நான் பார்த்த மூன்று சாணைகளிலும் கல்லுக்கு மேல் மறைப்பு இல்லை, எர்த் வயர் இல்லை, கப்பாசிற்றர் வெறுமனே நூலால் கட்டப்பட்டிருந்தது. 230 வோல்ட் மின்சாரத்தில், ஈரக்கையோடு, மலையிலிருந்து இறங்கி வருகிற ஆட்கள் பயன்படுத்தும் பொருள் அது. விட்டு விட்டு ஓடுவதற்காகச் செய்த மோட்டர் தொடர்ந்து ஓடினால் சூடாகும் என்பதும் உண்டு. சொன்னேன்; "கேக்கிற ஆளுக்குப் போட்டுக் குடுக்கிறேன்" என்றார். கேட்காதவருக்கும் போட்டுத்தான் கொடுக்க வேண்டும். அதுவரை அந்தச் சாணையை யாருக்கும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஒரு வாரத்தில் தருவதாகச் சொன்ன கணப்பு பத்தொன்பதாம் நாள்தான் கிடைத்தது. ரசீது கிடையாது. தொலைபேசியை எடுப்பதுமில்லை, நேரில்தான் போக வேண்டும். மூன்று மாதமான பிறகு, கால்கள் உருளையோடு சேரும் ஒட்டில் துரு தெரிகிறது. எவர்சில்வரையும் சாதாரண இரும்பையும் இணைப்பதற்கென்று 309 வகை வெல்டிங் குச்சி இருக்க, விலை காரணமாகச் சாதாரணக் குச்சியால் ஒட்டியிருக்கிறார் என்று நினைக்கிறேன். போய்ச் சொன்னபோது மறுக்காமல், கொண்டு வந்தால் காசு வாங்காமல் மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டார். போய் வர ஓட்டோக் கூலி யார் தருவது என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.