மைக்ரோஎமல்ஷனா, நானோஎமல்ஷனா: புற்றுநோய் மருந்துக்கு எது?

கோவை, ஈரோடு, குமாரபாளையம் பக்கம் எம்.பார்ம் (மருந்தியல் முதுகலை) ஆய்வுக்கு, நீரில் எளிதில் கரையாத புற்றுநோய் மருந்தான பாக்லிடாக்சலை எடுப்பவர்கள் தடுமாறும் இடம் இது. மைக்ரோஎமல்ஷன் (சுருக்கமாக மைக்ரோ), நானோஎமல்ஷன் (நானோ) இரண்டிலும் எண்ணெய், நீர், இவற்றைக் கலந்து நிற்க வைக்கும் சர்ஃபாக்டன்ட்தான்; நடத்தை வேறு.

தயாரிப்பு: மைக்ரோ, விகிதம் சரியாக அமைந்தால் லேசாகக் கலக்கினாலே தெளிந்துவிடும். நானோவுக்குப் பெரும்பாலும் ஹோமோஜனைசரோ (அழுத்தத்தால் துளியை உடைக்கும் கருவி) சோனிகேட்டரோ (மீயொலியால் உடைப்பது) வேண்டும். சோனிகேட்டரின் புரோப் (கலவைக்குள் இறங்கும் கம்பி) சூடேறும், கலவையை ஐஸில் வைத்தே ஓட்டுங்கள்.

சர்ஃபாக்டன்ட்: மைக்ரோவுக்குப் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கு மேல், நானோவுக்கு 5–10 போதும். ஊசி மருந்தென்றால் இதுவே முடிவு செய்யும். பாக்லிடாக்சலைக் கரைக்கச் சேர்த்த கிரெமோஃபோர் ஈஎல் என்ற சர்ஃபாக்டன்ட் கடும் ஒவ்வாமையைக் கிளப்பியது. அதனால்தான் முன்கூட்டியே ஸ்டீராய்டு தருகிறார்கள். நோயாளி ஏற்கெனவே தளர்ந்திருப்பார், துணைப்பொருளின் நச்சையும் அவர்மேல் ஏற்றக் கூடாது.

நிலைப்பு: மைக்ரோ தானாகப் பிரியாது. ஆனால் நீர் கூடினால் கட்டமைப்பு உடைந்து மருந்து படிகமாக விழலாம். 1:10, 1:100 நீர்த்து 24 மணி நேரம் பாருங்கள். அயனியில்லா (மின்னூட்டமற்ற) சர்ஃபாக்டன்ட் என்றால் ஈரோட்டுச் சித்திரை வெயிலிலும் கலங்கக்கூடும். நானோ நீர்த்தலைத் தாங்கும். ஆனால் ஆஸ்ட்வால்ட் முதிர்ச்சியால் (சிறு துளிகளின் எண்ணெய் பெரிய துளிகளுக்குப் போவது) துளிகள் மெல்லப் பெரிதாகும்.

முடிவாக: 5-ஃப்ளூரோயுராசில் என்ற புற்றுநோய் மருந்தைத் தோலில் பூச, எண்ணெய்க்குள் நீர்த்துளி வகை மைக்ரோ. பாக்லிடாக்சல் நரம்பூசிக்கு நானோ.