குறிகட்டுவான் வீதியில் ஒரு தேத்தண்ணிக் கடை

பெயர்ப்பலகை இல்லாத கடை. யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவான் பஸ்ஸில் ஏறி, வாணர் பாலம் தாண்டிப் புங்குடுதீவுக்குள் வந்ததும் "அக்காவின்ர கடையடி" என்றால் நடத்துநர் இறக்கிவிடுவார். இந்தத் தீவில் பல வருடம் தபால் கொடுத்தவன் நான். பென்சன் எடுத்து யாழ்ப்பாணத்தில் குடியேறிய பிறகும் மாதம் ஒருமுறை இங்கே வருவதற்குப் பாதிக் காரணம் கடலை வடைதான்.

காலை ஆறு மணிக்கு முதல் சட்டி இறங்கும். கடைக்கார அக்கா பருப்பை அரைகுறையாகத்தான் அரைப்பார். செத்தல் மிளகாயும் பெருஞ்சீரகமும் பல்லில் படும். ஒன்பது மணிக்குப் பிறகு வாங்காதீர்கள், ஆறிப்போய்க் கல்லாகிவிடும். பிளேன்ரீ நல்ல சாயம். ஆனால் தீவின் கிணறுகள் பெரும்பாலும் உவர். அக்கா பவுசர் லொறியில் வரும் தண்ணீரை வாங்கித்தான் ஊற்றுகிறார். பவுசர் வராத நாளில் தேத்தண்ணியில் லேசாக உப்புக் கரிக்கும், அன்றைக்குச் சீனி கூடப் போடச் சொல்லுங்கள்.

மத்தியானச் சோறு முப்பது பேருக்குத்தான். மீன் குழம்பு, ஒரு மரக்கறி, சொதி. சாதாரண நாளில் அதுவே மிஞ்சும். ஆனியில் பக்கத்துத் தீவான நயினாதீவில் நாகபூசணி அம்மன் திருவிழா தொடங்கினால், குறிகட்டுவானில் படகேறப் போகும் சனத்துக்காக அதே அடுப்பில் நாலு அண்டா ஏறும்.

முப்பது என்பது சும்மா வந்த கணக்கல்ல. கடைக்கு எதிரே உள்ள ஒழுங்கையில் ஒருகாலத்தில் 22 வீடுகளுக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். இப்போது இரவில் விளக்கெரிவது ஐந்தில். மற்ற வளவுகளில் கூரையைப் பிளந்துகொண்டு பனை வடலி நிற்கிறது. கொழும்பில் கடை வைத்திருந்தவர்கள் 1983 இனக்கலவரத்தில் அடிபட்டு வந்தார்கள். பிறகு 1991 இல் போரால் தீவே வெறிச்சோடியது. அப்புறம் சுவிஸ், பிரான்ஸ், கனடா. பிறகு தனி மாவட்டமான கிளிநொச்சியைக் கழித்தால் 1981 இல் யாழ் மாவட்டத்தில் 7 லட்சத்து 38 ஆயிரம் பேர், 2012 இல் 5 லட்சத்து 83 ஆயிரம். இடையில் 1991 இல் கணக்கெடுப்பே இல்லை, 2001 இல் இங்கே ஒழுங்காக நடக்கவில்லை. மாவட்டம் ஐந்தில் ஒரு பங்கை இழந்தது. என் ஒழுங்கை நாலில் மூன்றை.

அதற்காகக் கடை வாங்குகள் காலியாகக் கிடக்கின்றன என்று நினைக்க வேண்டாம். காலையில் வயதானவர்கள் நாலைந்து பேர், மகன் அனுப்பிய குளிர்ச் சட்டையோடு. பௌர்ணமிப் போயா நாளில் நயினாதீவின் நாகதீப விகாரைக்குப் போகும் சிங்களச் சனம் வான் வானாக இறங்கும். விலைப்பட்டியலில் சிங்களத்தில் 'வடை' பிழையாக இருந்ததாம். கண்டியிலிருந்து வந்த ஒரு அம்மா சோக்கை வாங்கித் திருத்திவிட்டுப் போயிருக்கிறார். புடவை மூட்டையோடு வரும் முஸ்லிம் வியாபாரி ஒருவர் பிளேன்ரீ மட்டும் குடிப்பார். 1990 ஐப்பசியில் யாழ்ப்பாணத்துச் சோனகத் தெரு முஸ்லிம்கள் புலிகளால் துரத்தப்பட்டபோது அவருக்கு எட்டு வயது, புத்தளத்தில் வளர்ந்தவர். யாழ்ப்பாணத் தமிழ் அவர் வாயில் இன்னும் அப்படியே இருக்கிறது. வெளிநாட்டுக் காசில் எழும்பும் மாடி வீடுகளுக்கு மேசன் வேலைக்கு வந்த மலையகப் பெடியள்தான் மத்தியானச் சோற்றில் பாதியை முடிப்பவர்கள்.

பரோட்டா எடுக்காதீர்கள், ரப்பர். கழிப்பறைத் திறப்பு கேட்டால் அக்காவுக்கு முகம் சுளிக்கும்.

இனி விலை. பலகையில் சோறு ஒரு விலைதான், ஆனால் வாங்கும் காசு மூன்று. 2022 இல் 200 ரூபா டொலர் 360 ஐத் தாண்டியபோது தொடங்கிய பழக்கம் இது. வெளிநாட்டுக் காசு வரும் வீடுகள் அந்த வருடம் கோழிக்கறி கேட்டன. கூலிக்கு வலை இழுப்பவர்கள் ஒரு வடையை இரண்டாகப் பிய்த்தார்கள். அதனால் வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தவருக்குப் பலகை விலையோடு கொஞ்சம் கூட, கடற்தொழிலாளிக்குக் குறைவு, மற்றவர்களுக்குப் பலகை விலை. யாரும் வாய் திறந்து கேட்டதில்லை. போன மாதம் என் மகள் டொராண்டோவிலிருந்து வந்து நின்றாள். அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். மிச்சக் காசை எண்ணிப் பார்த்தால் வழக்கத்தைவிடக் குறைவு.

"ஏன் அக்கா, நான் பென்சன்காரன் எல்லோ?" என்றேன்.

"பிள்ளை வந்திருக்கிறா எல்லோ, அண்ணை," என்று சொல்லிவிட்டு அடுத்த சட்டியைக் கிளறப் போய்விட்டார்.