அடாப்டரைக் கழற்றுவது: நான்கு ஆண்டு அனுபவம்

காரைக்குடியில் எங்கள் வீட்டு இரண்டாம் கட்டு அறையில்தான் சர்வர் இருக்கிறது. சுண்ணாம்புச் சுவர் என்பதால் சித்திரையிலும் அறை தாங்குகிறது. ஒரு கணினிக்குள் பல கணினிகளை ஓட்டும் கேவிஎம் மேல் நான்கு லினக்ஸ் மெய்நிகர் கணினிகள். அவற்றில் ஒன்றில் ஆத்தங்குடியில் டைல்ஸ் செய்யும் பட்டறை ஒன்றின் பில்களும் வடிவப் படங்களும் இருக்கின்றன.

படங்கள் பெருகப் பெருக அந்த மெய்நிகர் கணினிக்கு வட்டு சேர்ப்பேன், பழையதை எடுப்பேன். சேர்ப்பதில் எனக்குச் சிக்கலே வந்ததில்லை. எடுப்பதில்தான் முதல் ஆண்டிலேயே மாட்டினேன். வட்டு தொங்கும் கன்ட்ரோலரை, அதாவது வட்டுகளைக் கணினியோடு இணைக்கும் அடாப்டரை, கழற்ற லிப்வர்ட் (மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் மென்பொருள்) மறுக்கும். நான் வட்டையே வெளியிலிருந்து பிடுங்கிவிட்டு, பிறகு கன்ட்ரோலரையும் எடுத்தேன். மெய்நிகர் கணினிக்குள்ளே அந்த வட்டு இன்னும் மவுண்ட் ஆகி, பயன்பாட்டில் இருந்தது. அதிலிருந்த எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமை தன்னைத் தானே மூடிக்கொண்டது. பதறிப்போய் மறுதொடக்கம் செய்தேன். தொடங்கும்போது மவுண்ட் செய்ய வேண்டியவற்றின் பட்டியலான எஃப்எஸ்டேப் கோப்பில் அந்த வட்டின் வரி அப்படியே கிடந்ததால், இல்லாத வட்டுக்காக 90 விநாடி காத்திருந்து அவசர நிலைக்குப் போய்விட்டது. பட்டறை ஆச்சி தொலைபேசியில், “தம்பி, லாரி வாசலில் நிற்கிறது, பில் எங்கே?” என்றார்கள்.

இப்போது கழற்றும்போது மெய்நிகர் கணினியின் உள்ளிருந்து தொடங்கி வெளியே வருகிறேன். லினக்ஸ் வட்டுகளுக்கு இடும் எஸ்டிபி, எஸ்டிசி என்ற பெயர்களை நம்புவதில்லை. மறுதொடக்கத்தில் அவை இடம் மாறும். லினக்ஸின் மையமான கெர்னல் சாதனங்களைக் காட்டும் சிஸ் கோப்பகத்தில் அந்த வட்டின் இணைப்பைப் பார்த்தால் எந்த பிசிஐ முகவரியில், அதாவது எந்த அடாப்டரில், இருக்கிறது என்று தெரியும். பல வட்டுகளை ஒரே தொகுப்பாக்கும் எல்விஎம் இருந்தால் பிவிமூவ் (தரவை வேறு வட்டுக்கு மாற்ற), விஜிரெடியூஸ் (தொகுப்பிலிருந்து வட்டை எடுக்க), பிவிரிமூவ் (எல்விஎம் அடையாளத்தை அழிக்க). இல்லையென்றால் மவுண்டை நீக்கும் அன்மவுண்ட், எஃப்எஸ்டேப் வரி நீக்கம். அதன்பின் வட்டின் டெலீட் கோப்பில் 1 எழுதினால் கெர்னல் அதைக் கைவிடும். அந்த அடாப்டரில் உள்ள கடைசி வட்டும் போன பிறகே வெளியே வந்து, லிப்வர்ட்டுக்கு ஆணையிடும் விர்ஷ் கட்டளையால் முதலில் வட்டுகளை, பிறகு அடாப்டரைக் கழற்றுவேன். அன்மவுண்ட் மறுத்தால் எஃப்யூசர் கொண்டு பிடித்திருக்கும் நிரலைத் தேடுவேன். சோம்பல் அன்மவுண்ட் மட்டும் வேண்டாம். பெயர்தான் மறையும், திறந்த கோப்புகள் திறந்தபடியே இருக்கும்.

விர்ஷில் எனக்குப் பிடிக்காதது ஒன்று: கட்டளை பிழையின்றித் திரும்பினாலும் சாதனம் போய்விட்டது என்று பொருளல்ல, கோரிக்கை போயிருக்கலாம், அவ்வளவுதான். உள்ளே எல்எஸ்பிசிஐ போட்டு, பிசிஐ பட்டியலில் அடாப்டர் இல்லை என்று பார்த்தே நம்புகிறேன். கட்டளையில் லைவ் (ஓடும் நிலைக்கு) என்பதோடு கான்ஃபிக் (சேமித்த அமைப்புக்கு) என்றும் சேர்க்க மறந்தால், மெய்நிகர் கணினியை அணைத்து எழுப்பும்போது கழற்றிய அடாப்டர் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கும்.

பழைய வட்டுகளுக்கு, அடையாளம் காண உதவும் சீரியல் எண் வைக்காமல் விட்டேன். வைக்க வேண்டுமானால் கணினியை அணைக்க வேண்டும். பட்டறைக்குப் பொங்கலில்தான் விடுமுறை. அதுவரை அவற்றைக் கொள்ளளவை வைத்தே அடையாளம் காண்கிறேன். இரண்டு வட்டுகள் ஒரே அளவு.