வெளிநாட்டுப் பயணத்துக்கு எந்தக் கார்ட்: ரூபா டெபிட், டொலர் டெபிட், கிரெடிட் கார்ட் ஒரு ஒப்பீடு

பெரியம்மாவை முதல் தடவை சிகிச்சைக்காகச் சென்னைக்குக் கூட்டிச் சென்றபோது, மருத்துவமனையில் பணம் கட்டும் இடத்தில் என்னிடம் நீட்டப்பட்ட கார்ட் மெஷினின் சின்னத் திரையில் இரண்டு தொகைகள் தெரிந்தன. ஒன்று 40,000 இந்திய ரூபாய். மற்றையது அதையே இலங்கை ரூபாவில் மாற்றிக் காட்டிய தொகை, 148,000க்குச் சற்று மேல். "உங்க ஊர்ப் பணத்துலயே போட்டுடவா சார்?" என்று காசாளர் கேட்டார். சொந்த நாட்டுப் பணத்தில் தொகையைக் கண்ட நிம்மதியில் நானும் தலையாட்டிவிட்டேன். இரவு தங்குமிடத்துக்குத் திரும்பி, கார்ட் நிறுவனத்தின் இணையத்தளத்தில் அன்றைய மாற்று வீதத்தைப் போட்டுப் பார்த்தபோதுதான், அது ஏறத்தாழ 140,000 ரூபா மட்டுமே என்பதும், என் வங்கி தன் கட்டணமாக 3 சதவீதம் எடுத்திருந்தாலும் 144,200க்குள் முடிந்திருக்கும் என்பதும் புரிந்தது. ஒரு தலையாட்டலுக்கு நாலாயிரம் ரூபா போயிற்று.

திருகோணமலையிலிருந்து வெளிநாடு போகிறவர்கள் கார்ட் எடுக்கும்போது வருடாந்தக் கட்டணம் எவ்வளவு, புள்ளிகள் கிடைக்குமா, விமான நிலையத்தில் ஓய்வறைக்கு அனுமதி உண்டா என்றுதான் பெரும்பாலும் விசாரிக்கிறார்கள். இவற்றை விட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: அங்கே செலவழிக்கும் பணத்தை ரூபாவாக மாற்றப்போவது யார், எந்த நாளின் வீதத்தில்? மூன்று கார்ட்களையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் நான் ஒப்பிடுகிறேன், ஏனெனில் பணம் கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

முதலில், எல்லோர் கையிலும் ஏற்கெனவே இருக்கும் ரூபா டெபிட் கார்ட். சம்பளக் கணக்கோடு வந்த இந்தக் கார்டில் விசா அல்லது மாஸ்டர்கார்ட் சின்னம் இருந்தால் வெளிநாட்டில் வேலை செய்யும். உள்நாட்டு வலையமைப்பின் சின்னம் மட்டும் இருந்தால் கடல் தாண்டியதும் அது வெறும் பிளாஸ்டிக். சின்னம் இருந்தாலும், பல வங்கிகள் வெளிநாட்டுப் பாவனையைப் பாதுகாப்புக்காக மூடியே வைத்திருக்கின்றன; புறப்படுவதற்கு முன் நாமாகக் கேட்டுத் திறந்துகொள்ள வேண்டும். இந்தக் கார்டில் இந்திய ரூபாயில் செலவழித்தால், அந்தத் தொகை பெரும்பாலும் முதலில் டொலராகவும் பிறகு வங்கியின் விற்பனை வீதத்தில் இலங்கை ரூபாவாகவும் மாறி, அதன்மேல் வங்கியின் கட்டணமும் சேர்ந்து கணக்கில் கழிகிறது. நல்ல பக்கம் என்னவென்றால், கையில் இருப்பதற்கு மேல் செலவழிக்க இயலாது, வட்டி என்ற பேச்சும் இல்லை. கெட்ட பக்கம், கார்ட் களவு போனாலோ இலக்கம் திருடப்பட்டாலோ போவது நம்முடைய பணம்; வங்கி விசாரித்து முடிக்கும்வரை அந்த இடைவெளியை நாமே தாங்க வேண்டும்.

அடுத்தது, பலர் கவனியாமல் விடும் டொலர் டெபிட் கார்ட். தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கு, அதாவது வங்கியில் பி.எப்.சி. என்று எல்லோரும் சொல்லும் கணக்கு, 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்துக்குப் பின்னர், முன்பிருந்த பலவகைக் கணக்குகளின் இடத்தில் வந்தது. வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் பணத்தை அதில் டொலராகவே வைத்திருக்கலாம். அதோடு இணைந்த டெபிட் கார்டை வெளிநாட்டில் உபயோகிக்கும்போது அந்த டொலரிலிருந்தே தொகை கழியும். உவர்மலையிலும் உப்புவெளியிலும் லண்டன், டொரொன்டோ, டோகா என்று எங்காவது ஒரு பிள்ளையோ சகோதரமோ இல்லாத வீடு குறைவு. ஆயினும் அனுப்பிய பணம் வந்த அன்றே ரூபாவாக மாற்றப்பட்டுச் சேமிப்புக் கணக்கில் கிடக்கிறது. ஆறு மாதம் கழித்து அதே வீட்டார் இந்தியாவுக்கோ மலேசியாவுக்கோ போகும்போது, அந்த ரூபாவைக் கொடுத்துத் திரும்பவும் டொலர் வாங்குகிறார்கள்.

இதில் இழப்பு எங்கே என்பதைக் கணக்காகவே பார்ப்போம். வங்கி ஒரு டொலரை 296 ரூபாவுக்கு வாங்கி 304 ரூபாவுக்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அண்ணா அனுப்பிய 500 டொலரை மாற்றினால் 148,000 ரூபா வரும். அதே 500 டொலரைப் பயணத்தில் ரூபாக் கார்டால் செலவழித்தால் கணக்கில் 152,000 கழியும். போய் வந்ததில் 4,000 ரூபா காணாமல் போயிருக்கும், வங்கியின் கட்டணம் இதற்குப் புறம்பு. இந்த இடைவெளி, வீதம் ஒரு சதம்கூட அசையாத காலத்துக்குரியது. வீதம் அசைந்தால் என்ன ஆகும் என்பதை 2022இல் நாடு முழுவதும் கண்டது. அந்த ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் டொலருக்கு 203 ரூபா அளவில் இருந்த வீதம், மத்திய வங்கி பிடியைத் தளர்த்தியபின் மே மாதத்துக்குள் 360ஐ எட்டியது. ஆயிரம் டொலர் செலவுக்கென ரூபாவில் சேர்த்து வைத்திருந்தவரிடம் பாதிக்குச் சற்று மேல்தான் எஞ்சியது. டொலரிலேயே வைத்திருந்தவரிடம் ஆயிரம் டொலர் அப்படியே இருந்தது. அந்த மாதங்களில் பல வங்கிகள் ரூபாக் கார்ட்களின் வெளிநாட்டுப் பாவனையைக் கட்டுப்படுத்தியதும் நினைவில் இருக்க வேண்டியது.

ஆனால் டொலர் கார்டை மந்திரக்கோல் என்று எண்ணிவிடக் கூடாது. இந்திய ரூபாயிலோ தாய்லாந்தின் "பாட்" நாணயத்திலோ செலவழிக்கும்போது டொலரிலிருந்து அந்த நாணயத்துக்கு ஒரு மாற்றம் நடக்கவே செய்யும், அதற்கு வங்கி கட்டணம் எடுக்கலாம், ஏ.ரி.எம்.மில் பணம் எடுப்பதற்குத் தனிக் கட்டணமும் உண்டு. கணக்குத் திறந்து கார்ட் கைக்கு வரும்வரை நாட்கள் ஆகும் என்பதால், ரிக்கெட் எடுத்த பிறகு ஓடுவதில் பயனில்லை. வெளிநாட்டு வருமானம் சிறிதும் இல்லாத ஓர் அரச ஊழியருக்கு, கணக்கில் போட டொலரே இல்லாதபோது, இந்தக் கார்ட் பொருந்தவும் செய்யாது.

மூன்றாவது கிரெடிட் கார்ட். இதன் உண்மையான வலிமை, நம்முடைய பணத்தைத் தொடாமல் வங்கியின் பணத்தை முன்னே நிறுத்துவது. சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ ஹோட்டலில் அறை எடுத்தால், வாடகைக்கு மேலாக ஒரு தொகையைக் கார்டில் பிடித்து வைப்பார்கள். டெபிட் கார்ட் கொடுத்தால், அந்தத் தொகை நம் கணக்கிலிருந்து உடனே முடக்கப்படும். அறையைக் காலி செய்தபின் விடுவித்தாலும் கணக்குக்குத் திரும்பிவரப் பல நாட்கள், சில வேளை சில வாரங்கள் ஆகும். ஐந்து நாள் பயணத்தில் மூன்றாம் நாள் சாப்பாட்டுக்கு எடுக்கப் போகும்போது கணக்கில் பணம் இல்லையென்று வருவது இப்படித்தான். கிரெடிட் கார்டில் அதே தொகை கடன் எல்லையில் ஒரு பகுதியை மறைக்குமே தவிர, கைப்பணத்தைத் தொடாது. கேட்காத பொருளுக்குப் பணம் எடுக்கப்பட்டாலும், வராத அறைக்குக் கட்டணம் போடப்பட்டாலும், கிரெடிட் கார்டில் முறையிட்டுவிட்டுக் காத்திருக்கலாம். டெபிட் கார்டில் பணம் போன பிறகுதான் முறைப்பாடு தொடங்குகிறது.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கிரெடிட் கார்டால் ஏ.ரி.எம்.மில் காசு எடுப்பது, இந்த மூன்று கார்ட்களாலும் செய்யக்கூடியவற்றுள் மிக மோசமான காரியம்: எடுத்த உடனே தனிக் கட்டணம், எடுத்த நாளிலிருந்தே வட்டி, பொருள் வாங்கும்போது கிடைக்கும் சுமார் 50 நாள் வரையான வட்டியில்லாச் சலுகைக்காலம் இங்கே இல்லை. வெளிநாட்டுச் செலவுக்கு அரசின் முத்திரைத் தீர்வையும் சேரும் என்பதால், மாதக் கூற்றில் தொகைக்குக் கீழே வரும் சிறிய வரிகளையும் வாசிக்க வேண்டும். மாற்று வீதம் நாம் கார்ட் தட்டிய நாளுக்குரியதாக அல்லாமல், ஓரிரு நாள் கழித்துக் கணக்கில் பதிவாகும் நாளுக்குரியதாக இருக்கலாம். ரூபா சரியும் காலத்தில் அந்த இரண்டு நாளும் நமக்கு எதிராகவே நிற்கும். மாத முடிவில் முழுத் தொகையையும் கட்ட முடியாதவர் என்று தம்மை அறிந்தவர், பயணத்துக்கென்று இதை எடுக்காதிருப்பதே நல்லது.

முற்பணம் நிரப்பிக் கொண்டுபோகும் பயணக் கார்டையும் சில வங்கிகள் தருகின்றன. நிரப்பிய நாளின் வீதம் உறுதியாகிவிடும் என்பது ஆறுதல்; மிச்சத்தைத் திருப்பும்போது வங்கியின் கொள்வனவு வீதத்தில் மாற்றுவார்கள் என்பதால் அந்த ஆறுதலில் ஒரு பகுதி கரையும். பி.எப்.சி. கணக்கு வைத்திருப்பவருக்கு இதன் தேவை குறைவு.

எந்த நாட்டுக்குப் போகிறோம் என்பதும் தெரிவை மாற்றுகிறது. நம் பக்கத்தார் அதிகம் போகும் தமிழ்நாட்டில், பெரிய மருத்துவமனை, நகைக்கடை, ஜவுளிக்கடை எல்லாம் கார்டை ஏற்கும். ஆனால் தேநீர்க் கடையிலும் ஆட்டோவிலும் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீடு, இந்திய வங்கிக் கணக்கிலிருந்து கைபேசியால் பணம் செலுத்தும் யு.பி.ஐ. முறைக்குரியது, நம் வங்கிக் கார்டை அதோடு இணைக்க முடியாது. ஆகவே காசு வேண்டும். அங்கே பல ஏ.ரி.எம்.கள் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒரு தடவையில் 10,000 ரூபாய்க்கு மேல் தருவதில்லை என்பதால், ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம் எடுக்கும் கார்ட் விரைவில் பாரமாகிவிடும். காங்கேசன்துறையில் கப்பலேறி நாகப்பட்டினத்தில் இறங்குபவரானாலும், பலாலியிலிருந்து பறப்பவரானாலும், முதல் நாள் செலவுக்குரிய பணத்தை முன்கூட்டியே ஒழுங்கு செய்துகொள்வது நல்லது.

தாய்லாந்தில் நிலைமை வேறு. அங்குள்ள ஏ.ரி.எம்.கள் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒரு தடவைக்கு 220 பாட் அளவிலோ அதற்கு மேலோ தாமே அறவிடுவது பயணிகள் எல்லோரும் அறிந்த சங்கதி. 220 பாட் என்றே வைத்தாலும், 2,000 பாட் எடுத்தால் அது 11 சதவீதம்; 20,000 பாட் எடுத்தால் 1.1 சதவீதம். எனவே அங்கே சில்லறையாக எடுக்காமல் ஒரே தடவையில் எடுக்க வேண்டும். லண்டனில் நிலக்கீழ் ரயிலிலும் பஸ்ஸிலும் தொடுகை வசதியுள்ள கார்டைத் தட்டியே பயணிக்கலாம். ஆனால் ஒரு நாள் முழுவதும் ஒரே கார்டைத் தட்டினால்தான் நாளுக்கான உச்சக் கட்டண எல்லை பொருந்தும். காலையில் ஒரு கார்ட், மாலையில் இன்னொரு கார்ட் என்று மாற்றினால் அந்தச் சலுகை உடைந்துவிடும்.

எந்தக் கார்டானாலும், மெஷினோ ஏ.ரி.எம்.மோ "இலங்கை ரூபாவில் வேண்டுமா?" என்று கேட்டால் மறுத்து, அந்த நாட்டு நாணயத்தையே தெரிவு செய்ய வேண்டும். அந்த வசதியில் வீதத்தைத் தீர்மானிப்பது நம் வங்கியோ கார்ட் நிறுவனமோ அல்ல, கடைக்காரருக்கு மெஷின் கொடுத்தவர். தம் இலாபத்தை அந்த வீதத்துக்குள்ளேயே வைத்திருப்பார். ஏ.ரி.எம்.மில் இது "மாற்று வீதத்தை ஏற்கிறீர்களா?" என்ற கேள்வியாக வரும். மறுத்தாலும் பணம் வரும். மறுத்தால் கொடுக்கல் வாங்கல் நின்றுவிடும் என்ற பயத்திலேயே பலர் ஏற்கிறார்கள்.

கொடுக்கல் வாங்கலை உறுதிப்படுத்த வங்கி நம் தொலைபேசிக்கு அனுப்பும் ஒருமுறை இரகசிய இலக்கமான ஓ.ரி.பி. பற்றியும் ஒரு வார்த்தை. முதல் பயணத்தில் சென்னையில் இறங்கியதும் இந்திய சிம் போட்டு, என் இலங்கை சிம்மை ஒரு கடித உறைக்குள் வைத்துவிட்டேன். மறுநாள் இணையத்தில் அறை பதிவு செய்தபோது ஓ.ரி.பி. அந்த உறைக்குள் கிடந்த இலக்கத்துக்குப் போயிற்று. சிம்மைத் திரும்பப் போட்டாலும் ரோமிங் திறக்கப்படாததால் ஒன்றும் வரவில்லை; வங்கிச் செயலிக்குள் போகவும் அதே ஓ.ரி.பி. வேண்டியிருந்தது. இரண்டு சிம் போடும் தொலைபேசியும், புறப்படுமுன் திறந்துவைத்த ரோமிங்கும் இல்லாமல் எந்தக் கார்டும் முழுமையாக வேலை செய்யாது.

என் முடிவு இதுதான்: வெளிநாட்டிலிருந்து பணம் வரும் வீட்டார், அதில் ஒரு பகுதியையாவது பி.எப்.சி. கணக்கில் டொலராக விட்டு, அந்த டெபிட் கார்டைக் காசு எடுக்கவும் அன்றாடச் செலவுக்கும் வைத்து, ஹோட்டலுக்கும் இணையப் பதிவுகளுக்கும் மட்டும் கிரெடிட் கார்டைக் காட்டலாம். ரூபா வருமானம் மட்டும் உள்ளவர், முழுத் தொகையையும் கட்டும் பழக்கம் இருந்தால் பெரிய பில்களுக்குக் கிரெடிட் கார்டையும், காசு எடுக்க ரூபா டெபிட் கார்டையும் வைத்து, எடுக்கும் தடவைகளைக் குறைத்துக்கொள்ளலாம்.

பெரியம்மாவோடு இரண்டாம் தடவை போனபோது, அண்ணா அனுப்பிய டொலர் கணக்கிலேயே இருந்தது. அதே இடத்தில், அதே மெஷினில், மீண்டும் இரண்டு தொகைகள் வந்தன. காசாளர் கேட்கும் முன்பே பெரியம்மா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தம்பி, இந்திய ரூபாயிலேயே போடச் சொல்லு" என்றா.