கோவாவில் ஒரு வாரம்: ரீசேல் டைம்ஷேரா, புதுசா, ஹோட்டலா?

2022இல் தெற்குக் கோவாவில் ஒரு கடற்கரை ரிசார்ட்டின் டைம்ஷேரை ரீசேலில் வாங்கினோம். டைம்ஷேர் என்றால் மொத்தமாக ஒரு விலை கொடுத்து, வருஷத்துக்கு ஒரு வாரம் ரிசார்ட்டில் தங்கும் உரிமையைக் குறிப்பிட்ட வருஷங்களுக்கு வாங்குவது; ஏற்கெனவே வைத்திருப்பவர் அதை விற்பதுதான் ரீசேல். எங்களுடையது ஒன் பெட்ரூம், டிசம்பர் சீசன், ஒன்பது வருஷம் பாக்கி. வாங்கும் முன் மூன்று வழிகளையும் நோட்டில் எழுதி ஒரு மாதம் கணக்குப் பார்த்தேன். நிறுவனத்திடமே புதிதாக வாங்கலாம், வைத்திருப்பவரிடம் வாங்கலாம், எதுவும் வாங்காமல் வருஷா வருஷம் ஹோட்டலில் தங்கலாம். போன மாதம் சென்னையிலிருந்து சித்தி மகள் போன் பண்ணி, "அக்கா, பதினாறு வருஷம் பாக்கியோட ஒண்ணு வந்திருக்கு, வாங்கிரட்டுமா?" என்று கேட்டாள். அந்த நோட்டை மறுபடி எடுத்தேன். நான் ரீசேல் பக்கம்தான் சாய்வேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் எல்லா ரீசேலுக்கும் அல்ல.

எங்கள் ஊர் திருநெல்வேலி. இங்கே ரயிலேறினால் கொங்கண் பாதை வழியாக மட்காவில் இறங்கலாம். அங்கிருந்து கோல்வா ஆறேழு கிலோமீட்டர், பெனாலிமும் வார்க்காவும் அதற்குத் தெற்கே அடுத்தடுத்து. வடக்குக் கோவாவில் கூட்டம் நிறைந்த பாகா, காலங்குட் பக்கம் எங்களுக்கு ஆசை இல்லை. அத்தைக்கு எழுபது தாண்டிவிட்டது, அமைதியான மணல் போதும் என்பார். இந்தக் கரையில் ஒரு விஷயம் உண்டு. 1991இல் வந்த கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கைக்குப் பிறகு, ஊரகக் கடற்கரையில் உயர்அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புதிதாகக் கட்டுவது கடினமாகிவிட்டது. கடலை ஒட்டிய நல்ல இடங்களில் ஏற்கெனவே இருக்கிற ரிசார்ட்டுகளுக்கு அதனாலேயே ஒரு மதிப்பு. உப்புக் காற்றில் ஜன்னல் சட்டமும் ஏசி பெட்டியும் சீக்கிரம் துருப்பிடிக்கும். பழைய கட்டடம் என்றால் அந்தச் செலவு எங்கே வந்து விழும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

புதிதாக வாங்குவதைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. 25 வருஷத்துக்கு, எங்களுக்கு வேண்டிய சீசனில், வரியோடு ரூ. 7,80,000 சொன்னார்கள். அந்தப் பணத்தை 7 சதவீத எஃப்டியில் போட்டால் வருஷத்துக்கு ரூ. 54,600 வட்டி. டைம்ஷேருக்கு ஆண்டுதோறும் கட்ட வேண்டிய பராமரிப்புக் கட்டணம் ரூ. 28,320ஐயும் அதோடு சேர்த்தால் ரூ. 82,920. ஏழு இரவுக்கு வகுத்தால் இரவுக்கு கிட்டத்தட்ட 11,800 ரூபாய். வட்டிக்கு வரி கட்டினாலும், கிறிஸ்துமஸ் வாரம் தவிர வேறு எந்த வாரத்திலும் அந்தக் காசுக்கு நல்ல அறை கிடைக்கும், முதலும் கையில் இருக்கும். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு அன்றோடு முடிந்தது.

ஹோட்டலுக்கும் ரீசேலுக்கும்தான் உண்மையான போட்டி. அதைத் தீர்மானித்தது பிள்ளைகளின் பள்ளி நாட்காட்டி.

டைம்ஷேரில் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று சீசனுக்கு நிறம் வைத்திருப்பார்கள். நம் வாரத்தைக் கொடுத்து வேறு ஊர் ரிசார்ட்டில் தங்க வழி செய்யும் ஆர்சிஐ என்ற பரிமாற்ற நிறுவனத்தின் (1974இல் தொடங்கியது) வழியாகப் பரவிய பழக்கம் இது. சிவப்பு என்றால் கூட்டம் அலைமோதும் காலம், நீலம் என்றால் ஆள் வராத காலம், வெள்ளை இரண்டுக்கும் நடுவே. சில நிறுவனங்கள் சிவப்புக்கும் மேலே இன்னொரு நிறம் வைத்திருக்கின்றன. ரீசேலில் மலிவாக வருவதில் நிறைய வெள்ளையும் நீலமும்தான். கோவாவுக்குத் தென்மேற்குப் பருவமழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் கொந்தளிக்கும், கரையில் சிவப்புக் கொடி நட்டிருப்பார்கள், தண்ணீரில் இறங்க முடியாது, மணலில் இருக்கும் குடில் உணவகங்களையும் கழற்றிவிடுவார்கள். அந்த மாதங்களுக்கு டைம்ஷேர் எதற்கு? போன் பண்ணினாலே ஹோட்டல்காரர்கள் விலையைக் குறைத்துத் தருவார்கள். காலாண்டு விடுமுறையில் போகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். செப்டம்பர் கடைசியில் ஊர் பச்சையாக, அழகாக இருக்கும், அறை வாடகையும் ஏறியிருக்காது. 2025 செப்டம்பர் 22 முதல் நாளுக்கு ரூ. 7,500 வரை உள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். டைம்ஷேரின் ஆண்டுக் கட்டணத்துக்கோ 18 சதவீதம்.

அரையாண்டு விடுமுறை கதை வேறு. தமிழ்நாட்டுப் பள்ளிகள் மூடுவதும் கோவாவில் விலை உச்சிக்கு ஏறுவதும் ஒரே வாரம். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள், கூடவே அத்தை. ஹோட்டலில் இரண்டு அறை எடுக்க வேண்டும், இல்லையென்றால் சமையலறையோடு கூடிய ஒரு பெரிய குடியிருப்பு. அந்த வாரத்தில் வார்க்கா பக்கம் கடலோரத்தில் அப்படி ஒன்றுக்கு நாங்கள் விசாரித்தபோது இரவுக்கு 14,000 முதல் 18,000 ரூபாய் வரை சொன்னார்கள். சமையலறை எங்களுக்கு ஆடம்பரம் இல்லை. அத்தைக்கு மூன்று வேளையும் வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, இரவில் ரசம் சோறு வேண்டும். டைம்ஷேரின் ஒன் பெட்ரூமில் அடுப்பு, பாத்திரம், ஃபிரிட்ஜ் எல்லாம் இருந்தன. குக்கர் மட்டும் நாங்கள் கொண்டுபோனோம்.

எங்களுக்கு விற்றவர் மதுரையில் ஓய்வு பெற்ற அதிகாரி. பிள்ளைகள் வெளிநாட்டில், அவரால் இனிமேல் பயணம் முடியாது. கேட்டது ரூ. 2,10,000, முடிந்தது ரூ. 1,60,000. பெயர் மாற்றக் கட்டணம் ரூ. 25,000. அவரே, "ஒன்பது வருஷம்தானேம்மா பாக்கி இருக்குன்னு யோசிக்கிறீங்களா?" என்று சங்கடப்பட்டுக் கேட்டார். "இல்ல சார், ஒன்பது வருஷம் இருக்கிறதாலதான் வாங்குறோம்" என்றேன். அவருக்கு அது புரியவில்லை. சித்தி மகளுக்கும் புரியவைக்க ஒரு மணி நேரம் பிடித்தது.

டைம்ஷேரை நீங்கள் வாங்கும் விலை அதன் விலை இல்லை. வருஷா வருஷம் கட்டும் பராமரிப்புக் கட்டணம்தான் விலை. போனாலும் கட்ட வேண்டும், போகாவிட்டாலும் கட்ட வேண்டும். நான் மேலே சொன்ன துருப்பிடித்த ஜன்னலும் ஏசி பெட்டியும் வந்து விழும் இடம் இதுதான். எங்களுக்கு முதல் வருஷம் ரூ. 24,000, ஜிஎஸ்டி சேர்த்து 28,320. அடுத்த வருஷம் 25,500, அதற்கடுத்து 27,200, வரி தனி. இரண்டு தடவையும் ஆறு சதவீதத்துக்கு மேல் உயர்வு. மதுரைக்காரர் தன்னுடைய முந்தைய ஐந்து வருஷ ரசீதுகளைத் தந்திருந்தார், அதிலும் சராசரி ஏறக்குறைய ஆறுதான்.

அந்த ஆறு சதவீதத்தை வைத்துப் பெருக்கிப் பாருங்கள். ரூ. 28,320 ஒன்பதாவது வருஷத்தில் சுமார் 45,000 ஆகும். ஒன்பது வருஷமும் கட்டுவது மொத்தம் சுமார் 3,25,000. கொடுத்த விலையையும் பெயர் மாற்றக் கட்டணத்தையும் சேர்த்தால் ரூ. 5,10,000. அறுபத்து மூன்று இரவுக்கு வகுத்தால் இரவுக்கு எட்டாயிரத்து நூறு. டிசம்பர் கடைசி வாரத்தில், ஐந்து பேருக்கு, சமையலறையோடு. ஹோட்டல் வாடகை ஒன்பது வருஷமும் ஒரு ரூபாய்கூட ஏறாது என்று வைத்துக்கொண்டாலும் ரீசேல்தான் லாபம்.

அதே பெருக்கலை 25 வருஷத்துக்குப் போட்டால் மனம் பதறும். கடைசி வருஷக் கட்டணம் மட்டும் ரூ. 1,14,000க்கு மேல். மொத்தமாகக் கட்டியிருப்பது பதினைந்தரை லட்சம். புதிதாக வாங்கச் சொன்ன ரூ. 7,80,000 விலையைப் போல் இரண்டு மடங்கு. அந்தக் காலத்தில் 99 வருஷத்துக்கும் விற்றிருக்கிறார்கள். அப்படி ஒன்று இலவசமாக வந்தாலும், வாங்குவது நீங்களென்றாலும் கட்டப்போவது உங்கள் பிள்ளைகள் என்பதை நினைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மிச்ச வருஷம் குறைவு என்பது ரீசேலில் குறை இல்லை, அதுதான் அதன் பலம் என்று நான் சொல்வது இதனால்தான். விலையும் இறங்குகிறது, பொறுப்பும் தானாக முடிகிறது. திருப்பி விற்க வேண்டிய அவசியமே இல்லை. விற்பது சுலபமும் இல்லை. இந்தியாவில் டைம்ஷேர் பெரும்பாலும் பயன்படுத்தும் உரிமை மட்டும்தான், சார்பதிவாளர் அலுவலகத்தில் கிரயம் ஆகிற சொத்து கிடையாது. இதற்கென்று தனிச் சட்டமும் இல்லை, வழக்கு என்று வந்தால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் போக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் டைம்ஷேர் வாங்கிய பிறகு 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே விலகலாம். இங்கே அப்படிச் சட்டம் தரும் அவகாசம் இல்லை, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். விற்க முயல்கிறவர்களைக் குறிவைத்து, "வாங்க ஆள் ரெடி, முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்க" என்று போன் செய்யும் மோசடிக்காரர்கள் வேறு. மதுரைக்காரர் அப்படி ஒருவரிடம் பன்னிரண்டாயிரம் ரூபாய் இழந்த பிறகுதான் எங்களிடம் வந்தார்.

எங்கள் இளையவள் அப்போது நாலாம் வகுப்பு. ஒன்பதாவது டிசம்பரில் அவள் பன்னிரண்டாம் வகுப்பில் இருப்பாள். அந்த வருஷம் போக முடியுமா என்பது சந்தேகம்தான், அதனால் கணக்கை எட்டு டிசம்பருக்கும் போட்டுப் பார்த்தேன். கட்டணம் கட்டித்தானே ஆக வேண்டும், இரவுக்கு ஒன்பதாயிரத்து நூறு வருகிறது. அப்போதும் சரிதான்.

எல்லாம் நன்றாக நடந்தது என்றும் சொல்ல மாட்டேன். எங்களுடையது சீசனுக்குள் மாறும் வாரம், நிலையான வாரம் அல்ல. 2023இல் கேட்ட தேதி கிடைக்கவில்லை, டிசம்பர் 30 முதல்தான் அறை இருந்தது. பிள்ளைகள் பள்ளி திறந்த பிறகு நாலு நாள் லீவு போட்டார்கள், மூத்தவனின் வகுப்பாசிரியர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். இப்போது முன்பதிவு திறக்கும் நாள் காலையில் நானும் என் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்துவிடுகிறோம். 51 அல்லது 52ஆம் வாரம் என்று எண்ணே குறிப்பிட்ட பழைய நிலையான வாரம் யாராவது விற்றால், முப்பதாயிரம் கூடுதலாகக் கொடுத்தாவது அதை எடுக்கலாம். கோவாவைக் கொடுத்து வேறு ஊரில் தங்கும் பரிமாற்றத்தை நாங்கள் செய்து பார்த்ததில்லை. அதை நம்பி வாங்க நினைப்பவர்கள், ரீசேலில் வருபவருக்கும் அந்தச் சலுகை உண்டா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். சில ஒப்பந்தங்களில் முதல் உறுப்பினரோடு அது நின்றுவிடுகிறது.

பணம் கொடுத்த முறையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் நிலுவை இல்லை என்ற கடிதம். முந்தைய வருஷக் கட்டணம் பாக்கியிருந்தால் பெயர் மாறாது, அது நம் தலையில் விழும். கடிதத்தைப் பார்த்துவிட்டு இருபதாயிரம் கொடுத்தோம். மாற்று விண்ணப்பத்தில் இருவரும் கையெழுத்திட்ட நாளில் இன்னும் நாற்பதாயிரம். என் பெயரில் புது உறுப்பினர் எண் வந்த பிறகுதான் மிச்சம் ஒரு லட்சம், எல்லாமே வங்கி வழியாக. மதுரை சார் ஒரு வார்த்தை மாற்றுப் பேசவில்லை.

சித்தி மகளுக்கு வந்திருப்பது 16 வருஷம் பாக்கி, கேட்பது ரூ. 2,40,000, இப்போதைய ஆண்டுக் கட்டணம் வரியோடு 30,000. அதே ஆறு சதவீதத்தில் அவள் கட்டப்போவது கட்டணமாக மட்டும் ரூ. 7,70,000, கடைசி வருஷத்தில் 72,000 அளவுக்கு. அவள் மகன் இப்போதே பத்தாம் வகுப்பு. அதுவும் அது வெள்ளை சீசன். "வேணாம்டி, செப்டம்பர்ல ஹோட்டல் எடுத்துப் போயிட்டு வா" என்றேன். விலையை ஒரு லட்சத்துக்குக் குறைத்தால் வாங்கலாமா என்று கேட்டாள். விலை எதுவானாலும் கட்டணம் மாறப்போவதில்லை, விற்பவரிடம் கடைசி ஐந்து வருஷ ரசீதை அனுப்பச் சொல் என்றேன். மூன்று வாரம் ஆகிறது, ரசீது இன்னும் வரவில்லை.