சின்ன வெங்காயம்: காய் ஊன்றுவதா, நாற்று விடுவதா?

தர்மபுரிப் பக்கம் வீட்டை ஒட்டி இரண்டு மூன்று பாத்தி செம்மண் இருந்தால், விதை வெங்காயத்தையே, அதாவது நடுவதற்கென்று எடுத்து வைத்த காயையே, ஊன்றுங்கள். விதை தூவி நாற்று விடுவதுதான் மலிவு என்பார்கள். ஏக்கர் கணக்கில் போடுகிறவருக்கு அது சரி: ஹெக்டேருக்குக் காய் ஒரு டன் வேண்டும், விதையில் வரும் கோ 5 ரகத்துக்கு இரண்டரை கிலோ விதை போதும். ஐந்து சதுர மீட்டர் பாத்திக்கோ அரை கிலோ காய்தான் பிடிக்கும். அதில் எவ்வளவு மிச்சம் பிடித்துவிட முடியும்?

நாளும் மிச்சம். ஊன்றிய காயை 65, 70 நாளில் பறித்துவிடலாம். விதை என்றால் நாற்றங்காலிலேயே 40, 45 நாள் போய்விடும். பிடுங்கி நட்ட நாற்று நூல் மாதிரி இருக்கும், சித்திரை வெயிலில் ஒருவேளைத் தண்ணீர் தவறினாலும் படுத்துவிடும். வெங்காய விதைக்கு ஆயுளும் குறைவு, போன வருடத்துப் பாக்கெட்டை நம்ப முடியாது.

விதை பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. முந்தைய பயிரின் அழுகல் நோயைக் காய் சுமந்து வரும். அதனால் காயைப் பொறுக்குவதில்தான் பாதி விளைச்சல். வேர்ப்பக்கத்தைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று அமுங்கினால் தள்ளிவிடுங்கள். அன்று பறித்த புதுக்காயும் வேண்டாம், அது உறக்கத்தில் இருக்கும், முளைப்பு ஒரே சீராக வராது. இரண்டு மாதம் காற்றாட இருந்த, நடுத்தர அளவுள்ள கெட்டிக்காய்தான் நல்லது. பாரின் (மண்ணை அணைத்த நீள மேட்டின்) இரண்டு பக்கமும் 10 செ.மீ. இடைவெளியில், வேர்ப்பக்கம் கீழே இருக்கும்படி, நுனி மண்ணுக்கு வெளியே தெரிய ஊன்றினால் போதும். ஐப்பசிப் பட்டத்தில் பாரைக் கொஞ்சம் உயர்த்திப் போடுங்கள். மழைநீர் தேங்கினால் நல்ல காயும் அழுகும்.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் பல்லாரி, அதாவது பெரிய வெங்காயம், போட ஆசைப்பட்டால் என் பதில் மாறும். அங்கே நாற்றுதான். பெரிய காயை ஊன்றினால் மார்கழிக் குளிர் பட்டுப் பூத்தண்டு கிளம்பிவிடும், கிழங்கு திரளாது. சமையலறைக் கூடையில் முளைத்த பல்லாரியை ஊன்றலாம், தாளுக்காக (பச்சை இலைக்காக) மட்டும்.

சின்ன வெங்காயத்தில் இன்னொரு லாபமும் உண்டு. தாள் பாதிக்கு மேல் சாய்ந்ததும் பறித்து, திரட்சியான கொத்துகளைத் தாளோடு முடிந்து நிழலில் தொங்கவிட்டால், அடுத்த பட்டத்துக்கு விதை வெங்காயம் தேடி அலைய வேண்டியதில்லை.